மூர் என்ற சொல்லும் நாமும்

சென்ற விடுமுறையில் எனது பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டிய தேவை ஏற்பட்டது. முதலில் என்னையே எழுதிப் பார்க்குமாறு வாப்பா சொன்னார். பெயர், பிறந்த இடம் எல்லாம் இலகுவாக முடிந்தன. இனம் என்ற இடத்தில் "இலங்கைச் சோனகர்" என்றிருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் "ஸ்ரீ லங்கன் மூர்" என்று எழுத வேண்டுமாம். மூர் என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டினேன். முதலில் கண்ட பொருள்: மரங்களற்ற, பயிர் செய்யப்படாத மேட்டு நிலம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரைவாகு வட்டையில் நெல் விளைவித்துச் சாப்பிடும் ஊரார் நாங்கள். எங்களுக்கா தரிசு நிலத்தின் பெயர்?

கீழே இன்னொரு பொருள் இருந்தது: படகைக் கயிற்றாலோ நங்கூரத்தாலோ நிறுத்திக் கட்டுதல். இது கொஞ்சம் ஆறுதல். எங்கள் கடற்கரைக்குப் பொருந்தும் சொல்தான். ஆனால் இந்த இரண்டுக்கும் எங்களுக்கும் எந்தத் தொடர்புமில்லை. எமது மொழியில் எண்ணும் ஆறு, ஓடும் ஆறு என்று இருப்பது போல, ஒலி ஒன்றாகவும் வேர் வேறாகவும் உள்ள சொற்கள் இவை. நிலத்தைக் குறிக்கும் மூர் பழைய ஆங்கிலச் சொல். படகைக் கட்டும் மூர் டச்சு மொழியின் உறவு. எங்களைக் குறிப்பது பெரிய எழுத்தில் தொடங்கும் மூன்றாவது மூர்.

அதன் பயணம் நீண்டது. வடமேற்கு ஆபிரிக்க மக்களை உரோமர் மௌரி என்றனர். அவர்களது நாடு மௌரித்தானியா. 711இல் முஸ்லிம்கள் அங்கிருந்து ஸ்பெயினுக்குள் நுழைந்தபின், ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் அந்தப் பெயரையே முஸ்லிம்களுக்கெல்லாம் வைத்தனர். 1492இல் கிரனாடா வீழ்ந்தது. 13 வருடங்களின் பின், 1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கினர். அங்கே வணிகம் செய்துகொண்டிருந்த முஸ்லிம்களைக் கண்டதும் பழைய எதிரியின் பெயரையே சூட்டினர்: மூரோ. யார், எந்த ஊர், என்ன மொழி என்று விசாரித்து வைத்த பெயரல்ல அது. பிலிப்பைன்ஸ் முஸ்லிம்களை ஸ்பானியர் மோரோ என்றழைத்ததும் இப்படித்தான். இன்று அந்த மக்கள் தமது தன்னாட்சிப் பகுதிக்கே பங்சமோரோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே, "மூர் என்றால் மொரோக்கோ, எங்கள் மூதாதையர் மொரோக்கோவிலிருந்து வந்தவர்கள்" என்று மேடைகளில் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். மொரோக்கோ என்ற பெயர் மராக்கேஷ் நகரத்திலிருந்து வந்தது. பிறர் வைத்த பெயர் வம்சாவளிக்கு அத்தாட்சியாகாது.

சரி, சோனகர் என்பது எங்கள் சொந்தச் சொல்லா? அதுவுமில்லை. யவனர், பாளியில் யோன, சிங்களத்தில் யோனக, தமிழில் சோனகர். கிரேக்கரின் அயோனியாவிலிருந்து புறப்பட்டு, மேற்கிலிருந்து கடல்வழி வந்தோருக்கெல்லாம் பொதுவான சொல். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் அழகாக நிற்கிறது. "சோனி" என்று சுருங்கி வசையாகவும் எங்கள் காதில் விழுந்திருக்கிறது.

இந்தப் பெயருக்காகப் பெரிய வாதமே நடந்திருக்கிறது. சோனகர் இனத்தால் தமிழரே என்று பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கட்டுரை படித்தார். 1889இல் சோனகருக்கெனச் சட்டசபையில் எம்.சி. அப்துர் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே வெளியிட்டு, அரபு வம்சத்தை வலியுறுத்தினார். ஒரு சொல்லோடு ஓர் ஆசனமும் போகும் என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எனக்கு அஸீஸின் கோபம் விளங்குகிறது. ஆனால் எழுதும்போதும், கோபம் வரும்போதும், துஆக் கேட்கும்போதும் எனக்கு வருவது தமிழ்தான். அதைச் சொல்வதால் என் தனித்துவம் குறையாது.

இன்னொன்றையும் தோழிகள் யோசிக்க வேண்டும். அரபு வணிகர்களான வாப்பாமாரைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். அவர்கள் மணமுடித்த உம்மாமார் யார்? கல்முனைப் பக்கத்தில் குடி என்பது உம்மா வழியாகத்தான் வருகிறது. உம்மம்மாவிடம் "நாம மூரா, சோனகரா?" என்று கேட்டேன். "அதெல்லாம் கச்சேரிக்குச் சொல்ற பேர் மகள்" என்றவர், எங்கள் குடியின் பெயரைச் சொல்லி, அவருடைய உம்மாவின் உம்மா வரை எண்ணிக் காட்டினார்.

நான் மூர் என்றுதான் எழுதினேன். அந்தப் பெயரில் உரிமைகள் இருக்கின்றன. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ படிவங்களில் எழுதும் அந்தச் சொல் எங்கிருந்து வந்ததென்று வரலாற்றுப் பாடத்தில் ஒரு பக்கமாவது இருந்திருந்தால், பதினேழு வயதில் அகராதியில் தரிசு நிலத்தைக் கண்டு நான் திகைத்திருக்கமாட்டேன். உம்மம்மா சொன்ன குடிப் பெயரை எழுதவும் இடம் தேடினேன். அதற்கு அந்தச் சான்றிதழில் கட்டமில்லை.