ஏமாந்தவரை ஏசுவது கள்ளனுக்குச் செய்யும் உதவி

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசித்துவிட்டு ஏச விரும்புபவர்கள் ஏசலாம்.

ஊரில் ஒருவருடைய வட்ஸ்அப் களவு போனால், வங்கிக் கணக்கிலிருந்து காசு போனால், நம் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே வசனம்தான்: "படிச்ச மனிசன், இதுக்குப் போய் ஏமாந்திருக்காரே!" அந்த வசனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். கள்ளனிடம் இருக்கும் எந்தத் தொழில்நுட்பத்தையும் விட அவனுக்குப் பெரிய உதவி அதுதான்.

வட்ஸ்அப் களவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். உங்கள் ராத்தாவின் இலக்கத்திலிருந்து ஒரு மெசேஜ் வரும். "தவறுதலா உங்கட போனுக்கு ஆறு இலக்கக் கோட் ஒண்டு வந்திருக்கும், அனுப்பி விடுங்க." அனுப்புகிறீர்கள். அது உங்கள் வட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கும் சாவி. அடுத்த நிமிடம் உங்கள் கணக்கு அவன் கையில். பிறகு உங்கள் பெயரில், உங்கள் படத்தோடு, மச்சானுக்கும் கூட்டாளிக்கும் "அவசரம், ஐம்பதாயிரம் போட்டு விடுங்க, நாளைக்குத் தாறன்" என்று செய்தி போகும். ராத்தாவின் கணக்கும் இப்படித்தான் முதலில் போயிருக்கும்.

இதில் மடத்தனம் எங்கே இருக்கிறது? சொந்த ராத்தாவை நம்பியது மடத்தனமா? கள்ளன் களவெடுத்தது நமக்குள் இருக்கும் நம்பிக்கையை. கணக்குப் போனவர் உடனே பத்துப் பேருக்குச் சொல்லி, பள்ளிவாசல் குறூப்பிலும் அறிவித்திருந்தால் அந்தச் சங்கிலி அங்கேயே அறுந்திருக்கும். அவர் சொல்லவில்லை. ஏன்? "படிச்ச மனிசன்" என்ற வசனத்துக்குப் பயந்து. அவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருந்த நேரத்தில் இன்னும் மூன்று பேர் காசு போட்டுவிட்டார்கள்.

எதிரில் இருப்பவன் யார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இதற்கென்றே முகாம்கள் இருக்கின்றன. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போன நம் நாட்டு இளைஞர்களும் அங்கே அடைபட்டிருந்தார்கள். 2024 இல் இலங்கைக்குள்ளேயே இணைய மோசடி செய்ததாக வெளிநாட்டவர்கள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். என்ன பேசுவது, எந்த நேரத்தில் அவசரப்படுத்துவது என்று எழுதி வைத்துக்கொண்டு முழுநேரமாகச் செய்கிறார்கள். "நான் என்டா மாட்ட மாட்டேன்" என்று சிரிக்கும் காக்காவுக்கும் ஏற்ற ஒரு கதை அவர்களிடம் இருக்கிறது. வராத பார்சலுக்குத் தபால் கட்டணம் கேட்பது ஒன்று. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடச் சொல்லி, முதல் நாள் ஆயிரம் ரூபாய் தந்து, பிறகு இலட்சத்தை வைப்பிலிடச் சொல்வது இன்னொன்று.

நாம் வெட்கப்பட வைக்க வேண்டிய ஒரு கூட்டம் இருக்கிறது. "இதில் காசு போடுங்க, மாதம் இவ்வளவு வரும்" என்று கமிஷனுக்காகச் சொந்த பந்தங்களையே பிரமிட் திட்டத்தில் சேர்த்துவிடுபவர்கள். வங்கித்தொழில் சட்டத்தின்படி பிரமிட் திட்டம் தடை. மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களையே வெளியிட்டிருக்கிறது. ஆனால் நம்மிடம் நடப்பது என்ன? காசை இழந்த விதவைத் தாய் தலை குனிந்து நடக்கிறாள். சேர்த்துவிட்டவர் முதல் ஸஃப்பில் நிற்கிறார்.

இதை விடப் பாரதூரமானது பிள்ளைகளின் விடயம். ஒரு மாணவியின் படத்தை எடுத்து, ஆபாசமாக மாற்றி, "காசு அனுப்பு, இல்லாட்டி வாப்பாவுக்கு அனுப்புவேன்" என்று மிரட்டுகிறான் ஒருவன். அவனுடைய ஆயுதம் அந்தப் படமல்ல, வாப்பா என்ன செய்வார் என்ற அவளுடைய பயம். அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டது நாம்தான். விடயம் தெரிந்தால் போனைப் பறிக்கிறோம், பாடசாலையை நிறுத்துகிறோம், அவசரமாக மாப்பிள்ளை தேடுகிறோம். குற்றவாளிக்கு ஒரு நாள் சிறையும் இல்லை, பிள்ளைக்கு ஆயுள் தண்டனை. "இது யார்ட மகள்?" என்று கேட்டு அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்புபவர் அந்தக் குற்றத்தின் பங்காளி. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் நம் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். பிறர் குறையை மறைக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு போர்வேர்ட் பட்டனை அழுத்துகிறோம்.

"பொலிஸுக்குப் போனால் பேர் கெட்டுப்போகும்" என்பார்கள். போகாவிட்டால் மிரட்டல் நிற்கிறதா? ஒருமுறை காசு கொடுத்தவரிடம் மறுபடியும் கேட்கிறான், அவ்வளவுதான். கணினிக் குற்றங்களுக்கென்று 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது. இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101, சிறுவர் விடயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938. போன காசு திரும்பி வரும் என்று நான் உறுதி தரவில்லை. ஆனால் முறைப்பாடே இல்லாத குற்றத்தை எந்தப் பொலிஸும் தேடப் போவதில்லை.

செய்ய வேண்டியவை அதிகமில்லை:

– போனுக்கு வரும் கோட்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். கேட்பது உம்மாவாக இருந்தாலும் சரி.
– வட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். வேறு கருவிகள் இணைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.
– கணக்குப் போனால் உடனே அதே இலக்கத்தால் மீண்டும் பதியுங்கள். எல்லோருக்கும் அறிவியுங்கள்.
– காசு கேட்டு மெசேஜ் வந்தால் கோல் எடுத்துப் பேசி, அவரேதானா என்று உறுதிப்படுத்தாமல் அனுப்பாதீர்கள்.
– காசு போய்விட்டால் முதல் அழைப்பு வங்கிக்கு. கணக்கு விட்டுக் கணக்கு மாற அவனுக்கு அதிக நேரம் தேவையில்லை.
– மிரட்டல் வந்தால் பயத்தில் எதையும் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், காசு கொடுக்காதீர்கள். படம் பரவாமல் தடுக்க, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்', மற்றவர்களுக்கு 'ஸ்டொப் என்சிஐஐ' என்ற இலவச சேவைகள் இருக்கின்றன. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் இலக்க அடையாளம் மட்டும்தான் போகும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு கேள்வி. ஜனாஸா அறிவித்தல், தண்ணீர் வெட்டு அறிவித்தல் எல்லாம் செய்கிறோம். "இன்று நம் ஊரில் இப்படி ஒரு மோசடி நடந்திருக்கிறது, கவனம்" என்று பெயர் சொல்லாமல் ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் அறிவிக்க என்ன தடை?

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் போனைச் சோதிப்பதற்கு முன் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதல்ல என்னட்ட சொல்லு மகள், நான் ஏச மாட்டேன்." சொன்னால் மட்டும் போதாது. அவள் வந்து சொல்லும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.