ஆபத்தான நாய்கள்: பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பட்டியல்

2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை, மாநிலத் தலைமைச் செயலாளர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், டோசா இனு, கேன் கோர்சோ உள்ளிட்ட 23 இன நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்க வேண்டும். ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சுற்றறிக்கை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. உரியவர்களைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பிக்கப்பட்டது என்று கூறி, ஏப்ரல் 10 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அடுத்த மாதமே, மே 5 அன்று, சென்னை ஆயிரம்விளக்கில் மாநகராட்சிப் பூங்காக் காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தமிழக அரசு அதே 23 இனங்களுக்குத் தடை அறிவித்தது. வந்த வேகத்திலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது.

சுற்றறிக்கை நீதிமன்றத்தில் நிலைத்திருந்தாலும் உழைப்பாளிக்கு அது எந்த அளவுக்குப் பாதுகாப்பு அளித்திருக்கும்? 2023 ஜனவரியில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் உணவு கொடுக்கச் சென்ற 23 வயதுத் தொழிலாளியை, கதவைத் திறந்தவுடன் நாய் ஒன்று துரத்தியது. உயிர் தப்ப மூன்றாவது மாடியிலிருந்து குதித்த அவர், சில நாட்களில் மருத்துவமனையில் இறந்தார். துரத்தியது ஜெர்மன் ஷெப்பர்டு. ஒன்றிய அரசின் பட்டியலில் அந்த இனம் இல்லை, டாபர்மேனும் இல்லை. பிரிட்டன் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் நான்கு இனங்களைத் தடை செய்தது. 2023 இறுதியில் எக்ஸெல் புல்லி என்ற வகையையும் சேர்க்க நேர்ந்தது. ஒரு பெயரைத் தடை செய்தால் சந்தை இன்னொரு பெயரை விற்கும்.

"எந்த நாயும் கடிக்கும், இனத்தைப் பழிக்காதீர்கள்" என்கின்றனர் நாய் வணிகர்களும் வசதி படைத்த வளர்ப்போரும். அப்படியானால் எல்லா நாய்களின் உரிமையாளர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்பதன்றோ அதன் முடிவு? அந்த இடம் வந்ததும் அவர்கள் வாய் மூடிக்கொள்கின்றனர்.

சித்தூரிலும் திருப்பதியிலும் பெரிய வீடுகளின் வாயில்களில் "குக்கலுன்னவி ஜாக்ரத்த" என்ற பலகை தொங்குகிறது. அதைப் படித்துவிட்டும் உள்ளே போயாக வேண்டியவர்கள் யார்? எரிவாயு உருளை சுமப்பவர், மின்கணக்கு எடுப்பவர், வீட்டு வேலை செய்யும் பெண், உணவு கொண்டுவரும் இளைஞர். எச்சரிக்கையாக இருக்கும் கடமையை உடைமையாளன் உழைப்பாளியின் தலையில் கட்டுகிறான் என்பதே அந்தப் பலகையின் பொருள்.

சட்டமும் ஏறத்தாழ அதையே சொல்கிறது. விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு விதிக்கும் உச்சத் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதம் அரசுக்குப் போகும். கடிபட்டவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்பவர் எத்தனை ஆண்டுகள் ஏறுவார்? செயலி நிறுவனங்களோ அவரைத் தொழிலாளியென்றே ஏற்பதில்லை. "பங்குதாரர்" என்று பெயர் சூட்டிக் கைகழுவுகின்றன.

இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கூட மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பெர்லின், ஹாம்பர்க் போன்ற ஜெர்மன் மாநிலங்களில் நாய் வளர்ப்போருக்கும் பொறுப்புக் காப்பீடு கட்டாயம். இங்கு மட்டும் அது ஏன் இயலாது?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. எல்லா வளர்ப்பு நாய்களுக்கும் உரிமமும் காப்பீடும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கவனக்குறைவு நிரூபிக்கப்படும்வரை காத்திராமல் கடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும். நாய் வளர்ப்பு வணிகர்கள் பதிவு பெற வேண்டும் என்ற 2017ஆம் ஆண்டு விதிகள் நடைமுறைக்கு வர வேண்டும். நாயைக் கட்டாத வீட்டுக்குள் நுழைய மறுக்கும் உரிமை, கூலிப் பிடித்தமின்றித் தொழிலாளிக்கு வேண்டும்.

திருப்பதியிலேயே வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாயின் இயல்பைச் சோதித்துச் சான்றளிக்கும் அறிவுக்குக் குறைவில்லை. சித்தூர், திருப்பதி மாநகராட்சிகளின் முன் இக்கோரிக்கைகளை வைக்க வேண்டியது நமது சங்கங்களின் பணி. எச்சரிக்கைப் பலகையை உழைப்பாளி படித்தது போதும். இனி உடைமையாளன் சட்டத்தைப் படிக்கட்டும்.