யூஎஃப்சி "ஷ்யூர் ஷாட்" டிப்ஸ்: தோத்தாலும் ஜெயிக்கிறவர் ஒருத்தர் இருக்கார்

ஒவ்வொரு யூஎஃப்சி கார்டுக்கும் ஒரு வாரம் முன்னாடியே டெலிகிராம், இன்ஸ்டாகிராம் பக்கம் இதே கூத்துதான்.

"எல்லா சண்டைக்கும் ரிசல்ட் நம்மகிட்ட இருக்கு."

"மெயின் ஈவன்ட் ஷ்யூர் ஷாட். கண்ணை மூடிக்கிட்டு கட்டுங்க."

லாஸ் வேகாஸில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. இங்கே ஒருத்தர் அந்த மாசத்து வாடகைப் பணத்தைக் கட்டிட்டு செல்போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார்.

நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ் டாக்டர். சண்டைக் கலை நிபுணர் கிடையாது. ஆனா இந்த டிப்ஸ் எல்லாம் கடைசியில் பேசுறது மனித உடம்பைப் பத்தி. அதனால எனக்கும் சொல்ல கொஞ்சம் இருக்கு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். சண்டையைப் பாருங்க, ரசிங்க. யார் ஜெயிப்பாங்கன்னு நண்பர்களோட விடிய விடிய வாதாடுங்க. ஆனா டிப்ஸை நம்பி ஒரு ரூபாய்கூட கட்டாதீங்க.

ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1) வீரரின் உடம்பில் என்ன நடக்குதுன்னு வெளியில் இருந்து தெரியாது

யூஎஃப்சியில் சண்டைக்கு முந்தின நாள் எடை பார்ப்பாங்க. அந்த எடைக்குள் வர, பல வீரர்கள் கடைசி சில நாளில் கிலோ கணக்கில் உடம்பில் இருக்கிற தண்ணீரை வெளியேத்துவாங்க. சுடுதண்ணித் தொட்டி, நீராவி அறை, தண்ணி குடிக்காம இருக்கிறது. எடை பார்த்த பிறகு மறுபடி தண்ணியும் உப்பும் ஏத்திக்கிட்டு மறுநாள் சண்டைக்கு வருவாங்க.

இது விளையாட்டு இல்லை. 2015 டிசம்பரில் மணிலாவில், ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தே போனார். வயசு 21. அதுக்கு அப்புறம்தான் அந்த நிறுவனம் உடம்பில் தண்ணீரை வற்ற வைத்து எடை குறைக்கிறதைத் தடை செய்தது.

உடல் வறண்டவருக்கு தண்ணி ஏத்திட்டா ஒரே நாளில் எல்லாம் பழைய நிலைக்கு வந்திடுச்சான்னு சொல்ல, எனக்கு ரத்தப் பரிசோதனை வேணும். கிரியேட்டினின் வேணும், சோடியம் வேணும், சிறுநீர் எவ்வளவு போகுதுன்னு தெரியணும். பக்கத்துல நின்னு பார்க்கிற டாக்டருக்கே இவ்வளவு தேவைப்படுது. எடை மேடை போட்டோவைப் பார்த்து "ஆள் ஃபிட்டா இருக்கார், கட்டுங்க"ன்னு சொல்றவருக்கு என்ன தெரியும்?

2022 செப்டம்பரில் யூஎஃப்சி 279. மெயின் ஈவன்டில் நேட் டயஸோட மோத வேண்டிய கம்சாத் சிமாயேவ், 171 பவுண்டு வரம்புக்கு 178.5 பவுண்டு காட்டினார். ஏழரை பவுண்டு அதிகம். சண்டைக்கு முந்தின நாள் மெயின் ஈவன்ட் உட்பட மூணு சண்டைகளின் ஜோடி மாறிப் போச்சு. அந்த சண்டைகளுக்கு எழுதின கணிப்பு எல்லாம் ஒரே நாளில் குப்பைக்குப் போச்சு.

2) தெரிஞ்சவங்க உங்களுக்குச் சொல்ல மாட்டாங்க

2022 நவம்பர் 5. டேரிக் மின்னர், ஷயிலான் நூர்தான்பியெக் சண்டை. அன்னைக்கு சண்டை தொடங்குறதுக்கு முன்னாடி சில மணி நேரத்தில் மின்னருக்கு எதிரா பணம் குவிஞ்சு, ரேட் கடுமையா மாறிச்சு. சண்டை 67 நொடியில் முடிஞ்சுது. மின்னர் தோத்தார்.

அவர் காலில் ஏற்கெனவே காயம் இருந்தது. சண்டைக்கு முன் தர வேண்டிய மருத்துவப் படிவத்தில் அதைச் சொல்லவே இல்லை. நெவாடா ஆணையம் அவரையும் அவரோட கோச் ஜேம்ஸ் க்ராஸையும் இடைநீக்கம் செய்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அந்த டிசம்பரில் யூஎஃப்சி மேல பந்தயம் கட்டுறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது.

இதுல இருந்து என்ன புரியுது? உண்மையான துப்பு ஒண்ணு இருந்தா, அதை வச்சிருக்கவங்க சத்தமில்லாம கட்டிட்டுப் போயிடுவாங்க. அம்பதாயிரம் பேர் இருக்கிற குரூப்பில் இலவசமா போட மாட்டாங்க. உங்க கைக்கு வந்து சேர்ற துப்பு, ரேட்டில் ஏற்கெனவே ஏறின துப்பு.

3) ஒரே ஒரு அடி போதும்

கிரிக்கெட்டில் ஒரு ஓவர் சொதப்பினா அடுத்த ஓவரில் சரி செய்யலாம். எம்எம்ஏவில் அப்படி இல்லை. கையில் இருக்கிறது சுமார் 4 அவுன்ஸ் கையுறை. தாடையில் சரியா ஒரு அடி விழுந்தா தலை சட்டுன்னு திரும்பும். உள்ளே இருக்கிற மூளையும் சுழற்சியில் உலுக்கப்படும். நினைவு போயிடும். அது எந்த நொடியில் விழும்னு எந்த புள்ளிவிவரமும் சொல்லாது.

2022 ஆகஸ்ட், யூஎஃப்சி 278. கமாரு உஸ்மான் புள்ளிகளில் முன்னிலை. அஞ்சாவது சுற்றில் ஒரு நிமிஷம்கூட பாக்கி இல்லை. லியான் எட்வர்ட்ஸ் தலைக்கு ஒரு உதை விட்டார். உஸ்மான் கீழே. சாம்பியன் மாறிட்டார்.

2007-ல் ஜார்ஜ் சென் பியரை மாட் செர்ரா வீழ்த்தினார். 2015-ல் ரோண்டா ரௌசியை ஹோலி ஹோம் வீழ்த்தினார். 2021-ல் அமாண்டா நூனஸை ஜூலியானா பென்யா மடக்கினார். மூணு தடவையும் "இதுல என்ன சந்தேகம்?"னு உலகமே சொன்ன சண்டைகள்.

4) "நான் படிச்சுப் பார்த்துத்தான் கட்டுறேன் டாக்டர்"

இதைச் சொல்ற தம்பிகளை நான் முட்டாள்னு நினைக்கல. மல்யுத்தம் நல்லா தெரிஞ்சவர் யார், கை நீளம் யாருக்கு, மூச்சு யாருக்கு முதல்ல வாங்கும்னு பார்க்கிறது உண்மையான அறிவுதான். ஃபேவரிட்கள் பெரும்பாலும் ஜெயிக்கத்தான் செய்றாங்க.

பிரச்சினை என்னன்னா, நீங்க பார்த்த அதே விஷயத்தைப் பந்தயக் கம்பெனியும் பார்த்துட்டுத்தான் ரேட் வச்சிருக்கு.

ஒரு கணக்கு போடலாம். ஃபேவரிட்டுக்கு ரேட் 1.40, எதிராளிக்கு 3.00ன்னு வச்சுக்குங்க. ரேட்டைத் திருப்பிப் போட்டா, ஃபேவரிட் ஜெயிக்க 71.4 சதவீதம், எதிராளி ஜெயிக்க 33.3 சதவீதம். கூட்டுங்க. 104.7 வருது. நூறுக்கு மேல இருக்கிற அந்த 4.7தான் கம்பெனியின் லாபம். அதைக் கழிச்சுப் பார்த்தா ஃபேவரிட்டின் உண்மையான வாய்ப்பு சுமார் 68 சதவீதம். ஆக, 100 ரூபாய் கட்டினா சராசரியா திரும்பி வர்றது 95 ரூபாய்.

இப்போ டிப்ஸ்காரர்களுக்கு ரொம்பப் பிடிச்ச "பார்லே". இதே மாதிரி அஞ்சு ஃபேவரிட்களை ஒண்ணா கோத்துக் கட்டுறது. 100 ரூபாய்க்கு 537 ரூபாய் கிடைக்கும்னு ஆசை காட்டுவாங்க. அஞ்சு பேரும் ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 15 சதவீதம்கூட இல்லை. சராசரியா திரும்பி வர்றது சுமார் 79 ரூபாய். தனித்தனியா கட்டினா 5 ரூபாய் நட்டம், கோத்துக் கட்டினா சுமார் 21 ரூபாய் நட்டம்.

"நாலு சரியா வந்துச்சு டாக்டர், அஞ்சாவதுதான் போச்சு"ன்னு சொல்வாங்க. அந்த "கொஞ்சத்துல போச்சு"தான் அடுத்த வாரம் மறுபடி கட்ட வைக்குது.

5) அப்போ அவர் சொன்னது நாலு தடவை பலிச்சதே?

நம்ம ஊர்ல ஒரு பழைய ஏமாத்து வேலை உண்டு. "ஆண் குழந்தை பிறக்க மருந்து தர்றேன். பெண் பிறந்தா பணம் வாபஸ்." மருந்தில் ஒண்ணுமே இருக்காது. ஆனா ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் குழந்தைதானே பிறக்கும்? அவங்க பணம் வைத்தியருக்கு. மீதிப் பேருக்குத் திருப்பிக் கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். ஜெயிச்சவங்க ஊர் முழுக்க அவர் பேரைச் சொல்லுவாங்க.

டிப்ஸும் அதேதான். 1600 பேரில் பாதிப் பேருக்கு "சிவப்பு மூலை ஜெயிக்கும்"னு அனுப்பு, மீதிப் பேருக்கு "நீல மூலை"ன்னு அனுப்பு. சரியா வந்த 800 பேரை மறுபடி ரெண்டாப் பிரி. அப்புறம் 400, 200. நாலு சண்டை முடிஞ்சா 100 பேர் கையில் நாலுக்கு நாலு சரியான டிப்ஸ் இருக்கும். அந்த 100 பேருக்கும் அவர் கடவுள். அடுத்த மெசேஜ்: "விஐபி குரூப், மாசம் இவ்வளவு."

இவ்வளவு மெனக்கெடாதவங்களும் உண்டு. தப்பான பதிவை அழிச்சுட்டு, சரியா வந்த ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் வச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, டிப்ஸுக்குக் கீழ ஒரு லிங்க் இருக்கும். அந்த வழியா நீங்க பந்தய ஆப்பில் சேர்ந்தா, அவருக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு கமிஷன். பல இடங்களில் நீங்க தோக்கிற பணத்திலேயே அவருக்கு ஒரு பங்கு. நீங்க தோத்தா அவருக்குக் காசு. அப்படிப்பட்டவர் சொல்றதைக் கேட்டா கட்டுறீங்க?

6) ஜெயிச்சாலும் பணம் கைக்கு வருமா?

தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 2023-லேயே அமலுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளுக்கும் அவற்றின் விளம்பரங்களுக்கும் தடை விதித்து நாடாளுமன்றமும் சட்டம் நிறைவேற்றியது. இன்னைக்கு உங்களுக்கு லிங்க் அனுப்புற ஆப்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கு. 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஜெயிச்ச பணத்தை அவன் தரலைன்னா நீங்க கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது.

7) இது கெட்ட பழக்கம் மட்டும் இல்லை, நோயாகவும் மாறும்

2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடான டிஎஸ்எம்-5, சூதாட்ட நோயை மது, போதைப் பொருள் அடிமைத்தனம் இருக்கிற அதே பிரிவில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டிலும் இது நோய்தான்.

மூளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா ஒரு உதாரணம் சொல்றேன். பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்ஸால்னு ஒரு மாத்திரை உண்டு. மூளையில் டோபமைன் மாதிரி வேலை செய்யும். வாழ்க்கையில் சீட்டுக்கட்டையே தொடாத சிலர், இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு சூதாட்டத்தில் இறங்கின விவரம் மருத்துவ உலகில் நல்லா பதிவாகியிருக்கு. மாத்திரையைக் குறைச்சாலோ நிறுத்தினாலோ பலருக்கு அந்த ஆசையும் அடங்கிடும். (நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.) அதனால "அவனுக்குத் திமிர், உதைச்சா சரியாகும்"னு பேசுறதை விடுங்க.

நாங்க பயப்படுறது கடனைவிட, கடனை மறைக்கிறதைத்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்க. விஷம் குடிச்சு வர்ற இளவயசுக்காரங்க பின்னாடி, வீட்டுக்குத் தெரியாத ஒரு கடன் இருக்கிறது அபூர்வம் இல்லை.

இதெல்லாம் இருந்தா கவனிங்க:

* விட்டதைப் பிடிக்கணும்னு மறுபடி மறுபடி கட்டுறது
* முன்னாடி 100 ரூபாய்க்கு வந்த பரபரப்புக்கு இப்போ 1000 தேவைப்படுறது
* எவ்வளவு போச்சுன்னு வீட்டில் பொய் சொல்றது
* நிறுத்தினா எரிச்சல், தூக்கமின்மை
* லோன் ஆப், நகை அடகு, நண்பர்களிடம் கைமாத்து

என்ன செய்யலாம்?

* ஆப்பை நீக்குங்க, டிப்ஸ் குரூப்பில் இருந்து வெளியே வாங்க. கார்டு நடக்கிற நாளில் இல்லை, இன்னைக்கே.
* வீட்டில் ஒருத்தரிடமாவது முழுத் தொகையையும் சொல்லிடுங்க. பாதியை மறைக்காதீங்க.
* கொஞ்ச காலத்துக்குப் பணப் பொறுப்பை அவரிடம் கொடுங்க.
* பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு வாங்க. ஆலோசனையும் சிகிச்சையும் இலவசம். தேவைப்பட்டா மருந்தும் உண்டு.
* நேரில் வர கூச்சமா இருந்தா டெலி-மானஸ் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிரை விடணும்னு எண்ணம் வந்தா ஒரு நிமிஷமும் தாமதிக்காம கூப்பிடுங்க.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பையன் கடனைச் சொல்லிட்டு நிற்கிற அந்த நிமிஷம் தயவுசெஞ்சு கை ஓங்காதீங்க. "எவ்வளவுன்னாலும் சேர்ந்து கட்டிக்கலாம், நீ இரு"ன்னு சொல்லுங்க. திட்ட வேண்டியதை அடுத்த மாசம் திட்டிக்கலாம்.

அடுத்த கார்டுக்கு யார் ஜெயிப்பாங்கன்னு உங்க கணிப்பைக் கமெண்டில் போடுங்க, நானும் போடுறேன். பணம் மட்டும் கட்டாதீங்க. உங்க குரூப்பில் டிப்ஸ் ஃபார்வர்டு பண்ற நண்பர் யாராவது இருந்தா, இந்தப் பதிவை அவருக்குத் தனியா அனுப்புங்க.