மழைமானியும் மாநகராட்சியும்

2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் கொட்டிய மழை 944 மில்லிமீட்டர். பழைய கணக்கில் 37 அங்குலம். அதே நாளில் கொலாபாவில் பதிவானதோ சுமார் 74 மில்லிமீட்டர்தான். தெற்கே கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இருந்தவர்கள் வழக்கமான மழை என்றெண்ணிப் புறப்பட்டார்கள். வடக்கே தண்டவாளம் மூழ்கிக் கிடந்தது. விடிய விடிய நடந்து வீடு சேர்ந்தவர்களில் தாராவி, சயான் தமிழர்களும் உண்டு.

அந்த அனுபவத்திற்குப் பிறகே மாநகராட்சி, நகரின் பல இடங்களில் தானியங்கி மழைமானிகளை நிறுவியது. நல்ல காரியம். காலை 8.30 மணிக்கு ஊழியர் வந்து அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த மானியின் வேலை எளிது. மேலே ஒரு புனல். அதன் கீழே தராசுத் தட்டுபோல இரண்டு சிறு கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றது புனலுக்கு நேராக வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் கிண்ணத்திலுள்ள காந்தம் ஒரு மின்சுவிட்சை இயக்கும். ஒரு சாய்வு 0.2 மில்லிமீட்டர் என்றால், 50 சாய்வு 10 மில்லிமீட்டர். கணக்கு உடனே அலுவலகத்திற்குப் போய்விடும்.

ஆனால் மழை வலுக்கும்போது கிண்ணம் சாயும் நேரத்தில் விழும் நீர் கணக்கில் வராது. அளவு சற்றுக் குறையும். அதைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாதது அடைப்பு. ஓர் அரசிலை, காக்கை எச்சம், சிலந்தி வலை, இவற்றில் ஒன்று போதும் புனலை அடைக்க. அடைபட்ட மானி, தான் பழுது என்று சொல்லாது. மழை இல்லை என்று சொல்லும்! வெளியே முழங்கால் தண்ணீர் நிற்க, உள்ளே பூஜ்யம் பதிவாகும். மானியே இல்லாதிருப்பதைவிட இது ஆபத்தானது.

ஆகவே மே மாத இறுதிக்குள் எல்லாப் புனல்களையும் கழுவ வேண்டும். மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். சோதனையும் பெரிய செலவல்ல. வாய் 200 சதுர சென்டிமீட்டர் உள்ள மானியில் 200 மில்லிலிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றினால் 10 மில்லிமீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றே பழுது பார்க்க வேண்டும். முக்கிய இடங்களில் கையால் அளக்கும் பழைய மானியும் பக்கத்தில் இருப்பது நல்லது.

இன்னொன்று. சயானிலும் குர்லாவிலும் கடந்த ஒரு மணி நேரத்தில் பெய்த மழையின் அளவை, மாலை அலுவலகம் விடுவதற்கு முன்பே தெற்கு மும்பை ரயில் நிலையங்களின் ஒலிபெருக்கியில் அறிவிக்க மாநகராட்சியும் ரயில்வேயும் ஏற்பாடு செய்ய வேண்டும்.