காலுக்கு வந்த வலி, முதுகுக்கு வந்த கத்தி

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டரும் இல்ல, பிசியோதெரபிஸ்டும் இல்ல. திண்டிவனத்துல பொறந்து விழுப்புரத்துல குப்பை கொட்டுற சாதாரண ஆசாமி. கடந்த ரெண்டு வருஷத்துல சொந்தம், அக்கம்பக்கம்னு நாலு பேரு எம்.ஆர்.ஐ. கவரைத் தூக்கிக்கிட்டு வந்து "நரம்பு நசுங்கியிருக்காம், ஆபரேஷன் பண்ணணுமாம்"னு நின்னதைப் பாத்தாச்சு. நாலு பேருக்குமே வலி வந்து ஒரு மாசம்கூட ஆகல. அந்தக் கடுப்புல எழுதறதுதான் இது.

முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பைத் தொந்தரவு பண்ணுது. பின்னந்தொடையில ஆரம்பிச்சு பாதம் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி சுண்டி இழுக்கும். சியாட்டிகான்னு பேரு. கரும்பு வெட்டறவங்க, மூட்டை தூக்கறவங்க, லாரி ஓட்டறவங்கன்னு எங்க பக்கம் இது தெரியாத வீடே கம்மி. உயிர் போற வலிங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அந்த வலியில கிடக்கறவன்கிட்ட "கத்தி வெச்சா நாளைக்கே சரியாயிடும்"னு சொன்னா தலையாட்டத்தான் செய்வான். என் சண்டை அவனோட இல்லீங்க. மீதிக் கதையை அவனுக்குச் சொல்லாத ஆளுங்களோட.

மீதிக் கதை இதோ. 2007-ல நெதர்லாந்துல இருந்து ஒரு ஆய்வு வந்துது. ஆறுல இருந்து பன்னெண்டு வாரமா கடுமையான கால்வலியில இருந்த 283 பேர். பாதிப் பேருக்கு சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேருக்கு வலி மாத்திரை, நடமாட்டம், வேணும்னா பிசியோதெரபி, கூடவே பொறுமை. ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு வலி சீக்கிரம் விட்டுது, அதை மறைக்க வேண்டாம். ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா ரெண்டு கோஷ்டியும் ஒரே இடத்துல நிக்குது. ரெண்டுலயும் 95 சதவீதம் பேர் தேறிட்டாங்க. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேர்தான் அந்த வருஷத்துக்குள்ள ஆபரேஷனுக்குப் போனாங்க. அதாவது பத்துல ஆறு பேருக்குக் கத்தியே படல.

இதை எந்த ஸ்கேன் சென்டர் வாசல்லயாவது யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

ஸ்கேன் சமாச்சாரமே தனிக் கூத்து. முதுகுவலியே இல்லாதவங்களோட ஸ்கேன் ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-ல ஒரு கட்டுரை வந்துது. இருபது வயசுக்காரங்கள்லயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுக்கம். எண்பது வயசுல 84 சதவீதம். வலி இல்லாதவனுக்கும் படத்துல பிதுக்கம் தெரியும்னா, படத்தை மட்டும் காட்டி பயமுறுத்தறது என்ன வைத்தியம்? இன்னொண்ணு, பிதுங்கின ஜவ்வு நிறைய பேருக்குத் தானாவே சுருங்கிடும். அதுலயும் பெருசா பிதுங்கி வெளிய வந்ததுதான் அதிகமா கரையுது. உடம்பே அதைத் தின்னு தீர்க்குது.

எங்க மாமா ஒருத்தர், திண்டிவனத்துக்காரர். விழுப்புரத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்கேனைப் பாத்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "காப்பீட்டு அட்டை இருக்கா?" கால்ல பலம் இருக்கான்னு கட்டை விரலை மடக்கச் சொல்லிக்கூடப் பாக்கல. இங்கதான் இருக்கு சூட்சுமம். காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனாத்தான் பணம் தருது. ஆறு வாரம் நடக்கறதுக்கும் பயிற்சி பண்றதுக்கும் யார் பில்லு குடுப்பா? ஏழைக்கு ஆபரேஷன் இலவசம், பிசியோதெரபி காசு. எவ்ளோ வினோதம் பாருங்க.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போலாமேன்னு கேப்பீங்க. 2010-ல வந்த விழுப்புரம் மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்துல இருக்கு. திண்டிவனத்துல இருந்து விக்கிரவாண்டி தாண்டிப் போகணும். சியாட்டிகாக்காரனை பஸ் சீட்டுல உக்கார வெச்சுப் பாருங்க, நரகம் தெரியும். கூலியும் போச்சு. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர ஏற்பாடு இருக்கு. நல்ல திட்டம்தான். ஆனா ஒரு வட்டாரத்துக்கு ஒருத்தர்னா அவரு எத்தனை ஊருதான் சுத்துவாரு? ஆபரேஷன் தியேட்டருக்குக் காட்டற தாராளத்துல கொஞ்சம் இந்தப் பக்கமும் காட்டலாம்.

பிசியோதெரபிங்கற பேர்ல நடக்கற கூத்தையும் விட்டுடக் கூடாது. பத்து நிமிஷம் கரண்ட் வெச்சு, லைட்டு காட்டி, காசு வாங்கி அனுப்பறதெல்லாம் பிசியோதெரபி இல்ல. ராபின் மெக்கென்சின்னு நியூசிலாந்துல ஒரு பிசியோதெரபிஸ்ட். 1956-ல அவர்கிட்ட வந்த ஒரு கால்வலிக்காரர் தப்பா புரிஞ்சுக்கிட்டு, தலைப்பக்கம் தூக்கியிருந்த கட்டில்ல கவுந்தடிச்சுப் படுத்துட்டாரு. வந்து பாத்தா கால்வலி மறைஞ்சு போச்சாம்! அதுல பொறந்ததுதான் அவரோட பயிற்சி முறை. வலி பாதத்தை விட்டுட்டு மேல ஏறி இடுப்புல நின்னா நல்ல சகுனம். எந்தப் பக்கம் வளைஞ்சா வலி மேல ஏறுதுன்னு ஆளுக்கு ஆள் பாத்து, அதை வீட்டுலயே பண்ணச் சொல்லிக் குடுக்கணும். மெஷினே வேணாம், ஒரு பாய் போதும்.

மாமா ரெண்டு மாசம் பாயில கவுந்து படுத்து, ஏரிக்கரையில நடந்து, இப்ப கடைக்குப் போறாரு. ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, தெரியும். அதான் மேல 283 பேரைச் சொன்னேன்.

அப்புறம் அந்த "மூணு மாசம் அசையாமப் படு" கோஷ்டி. 1999-லயே நெதர்லாந்துல பாத்துட்டாங்க, படுத்தே கிடக்கறதால சியாட்டிகாவுக்கு ஒரு லாபமும் இல்ல. "டிஸ்க்கை ஏத்தி விடறேன்"னு முதுகுல மிதிக்கிற ஆளுங்களைப் பத்தி எழுதினா கெட்ட வார்த்தை வந்துடும், வேணாம்.

டிஸ்கி (டிஸ்க் பத்தி எழுதிட்டு டிஸ்கி இல்லாமலா, ஹிஹி): நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்ல. நாலு மாசத்துக்கு மேல வலி இழுத்தவங்களுக்கு ஆபரேஷன்தான் நல்லா கேட்டுதுன்னு கனடாவுல இருந்து 2020-ல வந்த ஆய்வு சொல்லுது. அதைவிட முக்கியம்: மூத்திரம் அடைச்சாலோ, தெரியாமப் போனாலோ, மலம் கட்டுப்படலைன்னாலோ, உக்கார்ற இடமும் அந்தரங்கப் பகுதியும் மரத்துப் போனாலோ, பாதம் தூக்க முடியாமத் தொங்கினாலோ, பாயும் வேணாம் பயிற்சியும் வேணாம். அன்னைக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க.