வேகத்துக்கு ஓர் இடம்

நம்முடைய சிற்றிதழ்ச் சூழலில் வேகம் என்பது ஏறத்தாழ ஒரு வசைச்சொல். ஒரு நாவலை 'வேகமாகப் படிக்க முடிந்தது' என்று சொன்னால், அது வணிக எழுத்து என்று சொல்லாமல் சொன்னதாகும். நிதானம், மௌனம், நுண்மை இவையே நமக்கு உகந்த சொற்கள். கார் என்ற பொருளும் நம் நவீனப் புனைகதைக்குள் அந்தஸ்தின் அடையாளமாகவோ ஆபத்தின் அடையாளமாகவோதான் வந்து சேர்ந்தது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மழைக்கு நடுவே வந்து நிற்கும் அந்தப் பெரிய காரை யாரும் மறந்திருக்க முடியாது. ஆனால் ஓட்டுகிறவனின் கையும் காலும் எந்திரத்தோடு கொள்ளும் உறவை அக்கறையோடு எழுதிய தமிழ்க் கதைகள் என் வாசிப்பில் மிகக் குறைவு.

வேகத்தைப் பாடியவர்கள் மேற்கே உண்டு. 1909ல் இத்தாலியரான மாரினெட்டி, பாரிஸ் நாளிதழான லெ ஃபிகாரோவில் தம் எதிர்காலவாத அறிக்கையை வெளியிட்டு, சீறி ஓடும் பந்தயக் கார் பழைய கிரேக்கச் சிற்பத்தைவிட அழகானது என்று அறிவித்தார். அவர் பின்னர் முசோலினியின் பக்கம் போய்ச் சேர்ந்ததும் நமக்குத் தெரியும். ஆகவே வேகத்தின் மேல் இலக்கியவாதிக்கு ஐயம் இருப்பது நியாயமே. ஆனால் ஐயம் வேறு, பாராமுகம் வேறு. நம்மிடம் இருப்பது இரண்டாவது என்றே எனக்குப் படுகிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊரொன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும் சாலையும், அங்கிருந்து போளூருக்கு இறங்கும் சாலையும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன பாடு படுகின்றன என்பதை இப்பக்கத்தார் அறிவர். சமவெளி ஊர்களிலிருந்து கூட்டமாக வரும் பைக்குகள், இரவல் கார்கள். நேராகக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுச் சாலையும் ஒரு போட்டி. அதே சாலையின் ஓரத்தில்தான் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை மூட்டையோடும் பலாப்பழத்தோடும் விறகுக் கட்டோடும் நடக்கிறார்கள். அவர்களுக்கு அது சுற்றுலாச் சாலை அல்ல, சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள ஒரே வழி.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன், நண்பனுடைய அண்ணனின் காரை எடுத்துக்கொண்டு இன்னொரு காரோடு பந்தயம் ஓட்டிப் போய் ஒரு வளைவில் இறந்தான். அதே விபத்தில் விறகோடு வந்துகொண்டிருந்த மலைப்பெண் ஒருவர் காலை இழந்தார். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் அனைவரும் நெடுஞ்சாலைப் பலகைகளில் எழுதியிருக்கும் அந்தப் பழைய வாசகத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: வேகம் விவேகமல்ல. அந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

அந்த வாசகத்தால் யாதொரு பயனும் இல்லை என்பதே என் கருத்து. மோனை பிசகாத அறிவுரை. இருபது வயதுக்காரனின் காலில் அது ஏறாது. வேகமே கூடாது என்று சொல்வது நம் மரபும் அல்ல.

மரபு என்றதும் வகுப்பறை நெடி அடிக்கிறது என்று நண்பர்கள் நினைக்கக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள். முல்லைத்திணைப் பாடல்களில் பாதி, வேகத்தைப் பற்றியவைதாம். வினைமுடித்த தலைவன் பாகனிடம் தேரை விரைந்து செலுத்தச் சொல்கிறான். கார்காலம் தொடங்குமுன் அவள் முன்னே போய் நின்றாக வேண்டும். ஆனால் அகநானூற்றின் நான்காம் பாடலில், குறுங்குடி மருதனார் ஒன்று செய்கிறார். அவருடைய தலைவன் விரைந்துதான் வருகிறான். எனினும் பூவில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் அஞ்சிவிடக் கூடாதென்று தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். விரைவு குறையவில்லை, பிறருக்கு அதனால் வரும் இடர் குறைக்கப்படுகிறது. நம் இளைஞர்கள் முதலில் செய்யும் காரியம் சைலன்சரைக் கழற்றி எறிவது. இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் வந்து சேர்ந்த இடத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல இயலாது.

இதே மலைப்பகுதிக்கு ஓர் இலக்கிய வழிகாட்டியே இருக்கிறது. செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் மலைபடுகடாம், 583 அடிகள் கொண்டது. செங்கண்மா இன்றைய செங்கம் என்பதும், நவிரமலை இன்றைய பருவதமலை என்பதும் அறிஞர் பலரின் துணிபு. இரண்டும் ஜவ்வாது மலைக்கு அண்டையில் இருப்பவை. அந்தப் பாட்டில் வழுக்கும் தடம் வருகிறது, பாம்பு வருகிறது, தினைப்புனக் காவலரின் கவண்கல் வருகிறது. மலைவழி என்பது அங்கே வாழ்வோருடைய வழி, வருகிறவன்தான் பார்த்து நடக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. மலையின் ஓசைகளை அடுக்கிச் சொல்லும் பாட்டும் அதுவே. அந்த வரிசையில் சேர்ப்பதற்கு இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு புதிய ஓசை கிடைத்திருக்கிறது.

சரி, மலைவழி வேகத்துக்கு உரியதன்று. அப்படியானால் வேகத்துக்கு உரிய இடம் எது?

இக்கேள்விக்கு விடை என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது. புனேயில் பணிபுரிகிறார். ஏழாண்டுப் பழைய, அன்றாடம் அலுவலகம் போய்வரும் தம் சிறிய காரை, ஒரு விமான ஓடுதளத்தில் நடந்த டிராக் பந்தய நாளுக்குக் கொண்டுபோயிருந்தார். (மகாராட்டிரத்தில் லோனாவாலாவுக்கு அருகே ஆம்பி வேலி ஓடுதளத்தில் 'வேலி ரன்' என்ற பெயரில் இத்தகைய ஓட்டங்கள் நடந்தது வாகன ஆர்வலர்கள் அறிந்ததே.) விடுமுறைக்கு வந்தபோது ஒரு சிறு காகிதச் சீட்டை என்னிடம் நீட்டி, "ஐயா, இதைப் படியுங்கள்" என்றார். எண்கள் மட்டுமே இருந்தன. அரைமணி நேரம் அதை விளக்கினார். நல்ல உரையாசிரியர்.

டிராக் பந்தயம் என்பது வளைவே இல்லாத பந்தயம். கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்க்கோடு. நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும். முதன்முறை போகிறவனுக்கு அங்கே கிடைக்கும் பாடங்கள் எல்லாமே அடக்கத்தின் பாடங்கள். வண்டியிலுள்ள வேண்டாத சாமான்களை இறக்கிவைக்க வேண்டும். தலைக்கவசமும் சீட் பெல்ட்டும் இல்லாமல் கோட்டருகே விடமாட்டார்கள். ஏசியை அணைத்துவிட வேண்டும். அதிலிருந்து சொட்டும் நீர் அடுத்து வருகிறவனின் சக்கரத்தை வழுக்கச் செய்யும். பந்தய டயர்க்காரர்கள் சக்கரத்தைச் சூடேற்றுவதற்காக நனைத்து வைத்திருக்கும் இடத்தைச் சாதாரண டயர்க்காரன் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவன் டயரின் பள்ளங்கள் தண்ணீரைக் கோடுவரை சுமந்துபோய்விடும். வேகத்துக்கென்றே கூடிய இடத்தில் முதல் விதி பின்னால் வருகிறவனைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். மணிநா கட்டிய தேர் என் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

பிறகு விளக்குகள். சக்கரம் ஒளிக்கற்றையைத் தொட்டதும் மேலே சிறு விளக்கு எரியும். அடுத்து மஞ்சள் விளக்குகள், அதன்பின் பச்சை. அவசரப்பட்டால் சிவப்பு. புதியவன் முதல் ஓட்டத்தில் செய்வது ஒன்றே: ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிப்பான். நம் சாலைக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. கிளம்பும் கணத்தில் எடை பின்னோக்கிச் சாய்கிறது, முன்சக்கரத்தின் பிடி தளர்கிறது. டயர் சுழன்று புகை கிளப்ப, வண்டி நின்ற இடத்திலேயே தயங்கும். பார்ப்பவனுக்கு அதுதான் வீரம்போல் தெரியும். சீட்டோ உண்மையைச் சொல்லிவிடும். முதல் 60 அடியைக் கடந்த நேரம் அதில் தனியாக இருக்கிறது. மாணவரின் முதல் ஓட்டத்தில் அது 2.9 நொடி, மொத்தம் 19.1. மூன்றாம் ஓட்டத்தில் கிளட்சை மெல்ல விட்டு, டயரைச் சுழலவிடாமல் கிளப்பியபோது 2.6 நொடி, மொத்தம் 18.5. மிதித்ததைக் குறைத்தார், வண்டி விரைந்தது. எஞ்சின் அதேதான்.

இன்னொரு செய்தியும் அச்சீட்டில் உண்டு. பச்சை எரிந்தபின் அவர் கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம் தனியே குறிக்கப்படும், ஓட்ட நேரத்தில் அது சேராது. ஓட்டக் கடிகாரம் வண்டி நகர்ந்த பிறகே தொடங்குகிறது. மனிதனின் குறை ஒரு கணக்கு, எந்திரத்தின் குறை வேறொரு கணக்கு. இப்படிப் பிரித்துச் சொல்லும் நேர்மை நம் மதிப்புரைகளில்கூட அரிது.

அமெரிக்காவில் இதில் ஒரு வகை உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுவே. ஓட்டுகிறவன் தன் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்பதை முன்கூட்டித் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். 18.5 என்று எழுதியவனும் 14 என்று எழுதியவனும் மோதினால், மெதுவான வண்டிக்கு நாலரை நொடி முன்னதாகப் பச்சை எரியும். குடும்பக் கார் பந்தயக் காரை வெல்லலாம். ஆனால் எழுதிக் கொடுத்த நேரத்தைவிட விரைவாக ஓடிவிட்டால் தோல்வி. தன்னைக் குறைத்துச் சொன்னவனும் தோற்பான், மிகைத்துச் சொன்னவனும் தோற்பான். வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதற்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த விளையாட்டு ஒழுங்குபட்ட கதையும் நம் கவனத்துக்குரியது. கலிபோர்னியாவில் 1930களில் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் கார் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அது ஊர்த் தெருக்களுக்கும் பரவியது. 1950ல் சாண்டா அனாவில் விமான ஓடுதளம் ஒன்றில் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951ல் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தை நிறுவினார். தெருவில் ஓட்டாதே என்று சொல்வதோடு நிற்காமல், இங்கே வந்து ஓட்டு என்று ஓரிடத்தைக் காட்டியதே அவர்கள் செய்த வேலை.

நமக்கு ஓடுதளம் இல்லையா? இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்தில் 1950கள் முதல் பந்தயங்கள் நடந்தன. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் தொடங்கியது. சாலைக் கார்களைப் பிரித்து, திருத்தி, ஒட்டவைத்துக்கொண்டு வந்தவர்களின் இடம் அது. கோவை கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிய பரம்பரை அங்கிருந்து வந்ததுதான். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்தது. கோவையில் கரிவரதன் பெயரிலேயே ஒரு தடம் வந்தது. 2005ல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 வரை போனார். இருங்காட்டுக்கோட்டையில் தேசிய அளவிலான மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகளும் நடக்கின்றன. பெங்களூருவின் ஹேமந்த் முத்தப்பா அங்கே பலமுறை வாகை சூடியவர். ஆக, அறிவும் அனுபவமும் இந்த மாநிலத்தில் இல்லாமலில்லை.

இல்லாதது, ஒரு சாதாரண இளைஞன் தன் சாதாரண வண்டியோடு போய், சிறு தொகை கட்டி, நாலுமுறை ஓட்டிப் பார்த்து, சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்கான நாள். அவனுக்கு நாம் வைத்திருப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு. பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டினால் சிறை அல்லது அபராதம். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் வரை. வேண்டிய சட்டம்தான், கடுமையாகவே நடைமுறைப்படுத்தட்டும். ஆனால் அதே பிரிவு அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு பந்தயம் நடத்த இடம் தருகிறது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் சாலையை அடைத்து இரவில் ஃபார்முலா 4 பந்தயம் நடத்திக் காட்டிய அரசுக்கு, 402 மீட்டர் நேர்ப்பாதை பெரிய காரியமன்று. அது வேடிக்கை பார்ப்பதற்கான பந்தயம். நான் கேட்பது ஓட்டுவதற்கான இடம்.

ஏழை நாட்டில் பெட்ரோலை எரிக்க ஒரு திடலா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நாலு ஓட்டம் ஓட்டினால் இரண்டு கிலோமீட்டர்கூட ஆகாது. மலைக்குப் போய்த் திரும்புவதற்கு நூறு ஆகிறது. இன்னொருவர், அங்கே பழகியவன் சாலையில் இன்னும் துணிவான் என்றார். இது மெய்யான ஆட்சேபம், எளிதில் தள்ளிவிட மாட்டேன். சிலர் அப்படித் துணியவும் கூடும். ஆனால் 18.5 என்று அச்சிட்ட சீட்டைக் கையில் வைத்திருப்பவனால், தன் வண்டி பறக்கும் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்ள முடியாது. மலைச்சாலைப் பந்தயம் முழுவதும் அந்தச் சொல்லின்மேல்தான் ஓடுகிறது. அங்கே கடிகாரம் இல்லை, சாட்சி இல்லை, மிகையே எரிபொருள்.

இடம் மலைமேல் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவலூரில் வைணு பாப்பு வானோக்கு நிலையம் இருளை நம்பி நிற்கிறது. மலை மக்கள் அமைதியை. சமவெளியில், ஊருக்கு ஒதுக்குப்புறமாக, இருபுறமும் தடுப்பும் முடிவில் நின்று நிதானிக்கப் போதிய நீளமும் ஓர் ஆம்புலன்சும் உள்ள நேர்ப்பாதை போதும். மாதம் ஒரு ஞாயிறு போதும். திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களுக்கு ஒன்று.

என் வகுப்பில் அந்த மாணவன் உட்காரும் பெஞ்சில் இப்போது அவனுடைய நண்பர்கள் இருவர் உட்காருகிறார்கள். இருவரும் வரும் ஞாயிறு மலைக்குப் போகிறார்கள் என்று கேள்வி. போகாதே என்று சொல்லலாம், சொல்லவும் செய்தேன். "அப்ப எங்கே போகட்டும் ஐயா?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். சென்னைக்குப் போய் இன்னொருவன் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வா என்பதைத் தவிர, இந்த மூன்று மாவட்டங்களுக்குள் சொல்வதற்கு ஓர் இடப்பெயர் என்னிடம் இருக்கவில்லை.