நகரும் வாசல்

2019 ஜனவரி 6, ஞாயிற்றுக்கிழமை. உத்தரப் பிரதேசத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 69,000 உதவி ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க அன்று எழுத்துத் தேர்வு நடந்தது. லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். எல்லோரும் பயிற்சியை முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறி வந்தவர்கள். தேர்வை முடித்து வீடு திரும்பியவர்களுக்கு மறுநாள் ஒரு செய்தி காத்திருந்தது. தேர்ச்சி பெற பொதுப் பிரிவினருக்கு 65 சதவீதமும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 60 சதவீதமும் வேண்டும் என்று அரசு அறிவித்தது. முந்தைய தேர்வில் இது 45, 40 என்று இருந்தது. ஓடி முடித்தவர்களிடம் எல்லைக்கோடு இன்னும் சற்றுத் தள்ளி இருக்கிறது என்று சொன்ன கதை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2020 நவம்பரில் அரசு செய்தது சரியே என்று தீர்ப்பாயிற்று. அதோடு முடியவில்லை. ஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்று 2024 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தேர்வுப் பட்டியலையே ரத்து செய்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2019-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை அதற்குள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டது. அதற்குப் பாடம் நடத்த வேண்டியவர்கள் யார் என்ற வழக்கு மட்டும் முடியவில்லை.

இது ஒரு மாநிலத்தின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவில் ஆசிரியர் ஆவதற்கான வாசல்கள் பல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காவலர். கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில். பட்டம் தருவது பல்கலைக்கழகம். தகுதித் தேர்வு நடத்துவது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் அல்லது மாநில அரசு. வேலை தருவது மாநில அரசின் தேர்வு வாரியம். அந்த வேலை நிலைக்குமா என்று சொல்வது நீதிமன்றம். ஒரு வாசலைத் தாண்டியவருக்கு அடுத்த வாசல் திறந்திருக்கும் என்று எவரும் உறுதி தருவதில்லை. யார் வாசலை நகர்த்தினாலும் அபராதம் கட்டுபவர் ஒருவரே: வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரர்.

ஏற்பாடு தொடங்கியபோது நோக்கத்தில் குறையில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்புவரை கற்பிப்பவருக்குக் குறைந்தபட்சத் தகுதி என்ன என்று சொல்லும் பொறுப்பு ஆசிரியர் கல்விக் கவுன்சிலிடம் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் கவுன்சில் வெளியிட்ட அறிவிக்கை, பயிற்சியோடு தகுதித் தேர்வும் கட்டாயம் என்றது. மத்திய அரசின் முதல் தகுதித் தேர்வு 2011 ஜூனில் நடந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை கற்பிக்க முதல் தாள், ஆறு முதல் எட்டுவரை இரண்டாம் தாள். ஒவ்வொன்றிலும் 150 வினாக்கள். 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது.

பெயரைக் கவனிக்க வேண்டும். அது தகுதித் தேர்வு. வேலைத் தேர்வு அன்று. தேறியவருக்குக் கிடைப்பது விண்ணப்பிக்கும் உரிமை மட்டுமே. சான்றிதழுக்கு முதலில் ஏழாண்டு ஆயுள் வைத்திருந்தார்கள். பல மாநிலங்களில் நியமனம் நடப்பதற்கு முன்பே சான்றிதழ் காலாவதியாகும் நிலை வந்தது. 2021 ஜூனில், 2011-லிருந்தே கணக்கிட்டு, அதை ஆயுட்காலச் சான்றிதழ் ஆக்கினார்கள். சான்றிதழுக்கு ஆயுள் கிடைத்தது. வேலையில் சேரும் வயதுக்கு வரம்பு அப்படியே இருக்கிறது.

எந்தப் பயிற்சி எந்த வகுப்புக்கு என்பதிலும் குழப்பம் வந்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கற்பிக்க இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம். மேல் வகுப்புகளுக்கு பி.எட். என்பதே பழைய வழக்கம். 2018 ஜூனில் கவுன்சில் பி.எட். படித்தவர்களையும் தொடக்கப் பள்ளிக்கு அனுமதித்தது. வேலையில் சேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. ராஜஸ்தானில் பட்டயம் படித்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 நவம்பரில் உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்தறிவிப்பது தனிப் பயிற்சி தேவைப்படும் வேலை, பி.எட். அதற்காக வகுக்கப்பட்ட படிப்பு அன்று என்பது தீர்ப்பின் சாரம். அதை மறுப்பது கடினம். ஆனால் ஐந்தாண்டுகளாக அரசின் அறிவிக்கையை நம்பித் திட்டமிட்டவர்கள் என்ன தவறு செய்தார்கள்?

பீகாரில் அப்போது 1,70,461 ஆசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு அறிவிக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு வந்த இரண்டு வாரத்தில் தேர்வு நடந்தது. தொடக்கப் பள்ளி இடங்களுக்கு விண்ணப்பித்த பி.எட். பட்டதாரிகளும் எழுதினார்கள். முடிவு வெளியானபோது அந்த இடங்களுக்குப் பட்டயம் படித்தவர்களே கணக்கில் வந்தார்கள். சத்தீஸ்கரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பி.எட். பட்டதாரிகள் வேலையிலேயே சேர்ந்துவிட்டார்கள். பழங்குடி மாவட்டங்களின் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்த 2,800-க்கும் மேற்பட்டவர்கள், நீதிமன்ற உத்தரவுகளின்பேரில் 2025-ன் தொடக்கத்தையொட்டி நீக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் போராடிய பிறகு, ஏப்ரல் கடைசியில் அவர்களில் 2,621 பேரை அறிவியல் சோதனைக்கூட உதவி ஆசிரியர்களாக எடுத்துக்கொள்ள மாநில அமைச்சரவை முடிவு செய்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு, பாடம் அதேதான். பல காலம் இங்கே நியமனம் என்றால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு. காத்திருந்தால் ஒரு நாள் கடிதம் வரும் என்ற நம்பிக்கை. 2012 ஜூலையில் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது, எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மறு தேர்வு வைக்க வேண்டியதாயிற்று. பிறகு பிளஸ் டூ, பட்டப் படிப்பு, பி.எட். மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் முறை வந்தது. தாராளமாக மதிப்பெண் போடாத காலத்தில் பிளஸ் டூ படித்த மூத்தவர்கள் பின்தங்கினார்கள். 2018-ல் இன்னொரு அரசாணை: தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு நியமனத்துக்காக மேலும் ஒரு போட்டித் தேர்வு. 2013-ல் தேறிக் காத்திருந்தவர்கள் மீண்டும் முதல் படியில் நிறுத்தப்பட்டார்கள்.

விதி மாறாத இடத்தில் மோசடி குறுக்கே வந்தது. 2021 செப்டம்பர் 26-ல் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வு. காப்பியடிப்பதைத் தடுக்கப் பல மாவட்டங்களில் அலைபேசி இணையத்தையே துண்டித்தார்கள். பிகானேரில் செருப்புக்குள் புளூடூத் கருவியை மறைத்துவைத்து வந்தவர்களைப் போலீசார் பிடித்தார்கள். அந்தச் செருப்பின் விலை லட்சக்கணக்கில். வினாத்தாளோ முன்பே வெளியாகியிருந்தது. சில மாதங்களுக்குப் பிறகு இரண்டாம் நிலைத் தேர்வு ரத்தானது. வெறுங்காலோடு நேர்மையாக வந்து எழுதியவரும் செருப்பு வாங்கி வந்தவரும் ஒரே மாதிரி மறுபடியும் எழுத வேண்டியிருந்தது.

மேற்கு வங்கத்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2016-ல் தொடங்கிய தேர்வின் வழியே வேலைக்கு வந்த ஆசிரியர், அலுவலர் 25,753 பேரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3-ல் ரத்து செய்தது. விடைத்தாள்களில் நடந்த முறைகேடு தேர்வு முழுவதையும் கெடுத்துவிட்டது என்பது காரணம். பணம் கொடுத்து வந்தவர்களோடு படித்துத் தேறியவர்களும் வேலையை இழந்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படாத ஆசிரியர்கள் ஆண்டு இறுதிவரை நீடிக்கலாம் என்ற சலுகை பிறகு கிடைத்தது. ஆனால் செப்டம்பரில் அவர்கள் மீண்டும் தேர்வுக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. வீட்டுக் கடனும் பள்ளி செல்லும் பிள்ளைகளும் உள்ள வயதில், தங்கள் மாணவர்களின் வயதை ஒட்டியவர்களோடு உட்கார்ந்து எழுதினார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் வாசல் பின்பக்கமாகவும் நகர்ந்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே பணியில் சேர்ந்தவர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேறாவிட்டால் வேலையை விட வேண்டும். ஓய்வு நெருங்கியவர்கள் நீடிக்கலாம். பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். சிறுபான்மையினர் பள்ளிகளைப் பற்றிய கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. இருபது ஆண்டுகளாகத் தேர்வு நடத்தி வந்தவர்கள் வினா-விடை புத்தகம் வாங்கக் கடைக்குப் போனார்கள்.

தகுதி கேட்பதே அநியாயம் என்று இதற்கு அர்த்தமில்லை. குழந்தைக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. நாட்டில் தனித்து இயங்கும் பயிற்சிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்பவை என்ற நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையத்தின் 2012-ம் ஆண்டு கருத்தை 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையே எடுத்துச் சொல்கிறது. அப்படிப்பட்ட கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது யார்? அரசு அமைப்புதான். விற்றவருக்கு அங்கீகாரம், வாங்கி ஏமாந்தவருக்குத் தகுதித் தேர்வு. வடிகட்டியை வாசலில் வைக்காமல் வரிசையின் கடைசியில் வைத்தால், இழப்பு முழுவதும் இளைஞர்களின் வயதில்தான் விழும்.

இந்த வரிசையில் புதிதாக நிற்கப் போகிறவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களை முடிவு செய்துகொள்வது நல்லது. முதலில் வகுப்பு, பிறகுதான் படிப்பு. ஐந்தாம் வகுப்புவரை என்றால் தொடக்கக் கல்விப் பட்டயம். ஒன்பது, பத்துக்குப் பட்டமும் பி.எட்.டும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும். கல்லூரிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, அந்தப் படிப்புக்கு, அத்தனை இடங்களுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரப் பலகையை நம்பக் கூடாது. மத்தியத் தகுதித் தேர்வு கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற பள்ளிகளுக்கு உதவும். மாநில அரசுப் பள்ளிக்கு அந்த மாநிலத்தின் விதியைப் படிக்க வேண்டும். எந்தத் தேதியில் தகுதி இருக்க வேண்டும் என்று அறிவிக்கையில் ஒரு வரி இருக்கும். பலருடைய விண்ணப்பம் கவிழ்வது அந்த ஒரு வரியில்தான்.

அரசுகள் செய்ய வேண்டியதும் பெரிய புரட்சியல்ல. படிப்பில் சேர்ந்த நாளில் இருந்த விதியே அவருக்குக் கடைசிவரை பொருந்தும் என்று அறிவிக்கலாம். தேர்ச்சி மதிப்பெண்ணைத் தேர்வுக்கு முன்பே சொல்லலாம். ஆண்டுதோறும் எத்தனை பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்பது அரசுக்குத் தெரியும். ஆண்டுதோறும் நியமனம் நடத்தலாம். முடியாது என்று சொல்ல இடமில்லை. 2023 மே கடைசியில் அறிவிக்கை, ஆகஸ்டில் தேர்வு, நவம்பர் 2-ல் பாட்னா காந்தி மைதானத்தில் சுமார் 1,20,000 பேருக்கு நியமனக் கடிதம் என்று செய்து காட்டியது அதே பீகார். 2024 மார்ச்சில் அங்கே மூன்றாம் கட்டத் தேர்வின் வினாத்தாள் வெளியாகி, அந்தத் தேர்வு ரத்தானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேகம் இருந்தால் போதாது, பூட்டும் வேண்டும்.

மத்திய அரசின் கணக்குப்படி 2024-25-ல் நாட்டில் பள்ளி ஆசிரியர்களின் எண்ணிக்கை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. அதே கணக்கில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஒரே ஓர் ஆசிரியருடன் நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். பள்ளிக்கூடத்துக்கு வெளியே சான்றிதழோடு நிற்பவர்கள் லட்சக்கணக்கில். உள்ளே ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கும் ஓர் ஆசிரியர். அவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் பள்ளிக்கே விடுமுறை.